ஊர் எழுதும் மதிப்பெண் அட்டை

கேள்வி: எங்கள் மலைக் குடியிருப்புக்குச் சுகாதார செவிலியர் எப்போதாவதுதான் வருகிறார். காணி மக்களாகிய நாங்கள் கேட்டால் எடுபடுமா?
– ஒரு வாசகி, கல்குளம் வட்டம்

பதில்: ஊராகச் சேர்ந்து கேளுங்கள், எடுபடும். 2007-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பைச் சோதித்துப் பார்த்தபோது, தமிழகத்தில் தேர்ந்தெடுத்த ஐந்து மாவட்டங்களில் நம் குமரியும் ஒன்று. சேவை எப்படி என்று ஊர்மக்களிடமே விசாரித்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறமிட்ட அட்டை தயாரித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் புரியுமே!

நீங்களும் செவிலியர் வந்த நாள், தடுப்பூசி போட்ட நாள், கிடைக்காத மருந்து மூன்றையும் நோட்டில் குறித்துவாருங்கள். கிராமசபையில் தீர்மானமாக்கி, வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பஸ் போகாத மேட்டுக்குச் செவிலியர் எப்படி வருவார் என்பதையும் அதிலேயே கேளுங்கள். அப்படிக் கேட்டால் செவிலியரும் உங்கள் பக்கம் நிற்பார்.