பழைய கிளஸ்டருக்கு விடை: டூலை மாற்றிவிட்டீர்களா?

மோங்கோடிபி அட்லஸ், நம் தகவல்களை இணையத்தில் சேமித்துத் தரும் டேட்டாபேஸ் சேவை. இதன் எம்2, எம்5 கிளஸ்டர் வகைகள் 2025ல் கைவிடப்பட்டு, ஃப்ளெக்ஸ் என்னும் புதிய வகை வந்தது. இலவச எம்0 வகை தொடர்கிறது.

டேட்டாவை அந்நிறுவனமே மாற்றித் தந்துவிட்டது. ஆனால், எந்தக் கிளஸ்டர் வேண்டும் என்று பைலில் எழுதி வைத்தால் தானே அமைத்துத் தரும் டெராஃபார்ம் டூலைப் பயன்படுத்துபவரா நீங்கள்? அந்தப் பைலில் பழைய வகைதான் இருக்கும். அதை நீங்கள்தான் திருத்த வேண்டும்.

1. முதலில் டேட்டாவை பேக்கப் எடுங்கள்.

2. டூலில் உள்ள அட்லஸ் புரொவைடரை அப்டேட் செய்யுங்கள்.

3. பைலில் புரொவைடர் பெயர் 'டெனன்ட்' என்றிருப்பதை 'ஃப்ளெக்ஸ்' என மாற்றி, எம்2 அல்லது எம்5 என அளவு குறிக்கும் பகுதியை நீக்குங்கள்.

4. 'பிளான்' கட்டளை கொடுத்துப் பாருங்கள். கிளஸ்டருக்கு 'டெஸ்ட்ராய்' என்று காட்டினால் 'அப்ளை' கொடுக்காதீர்கள். கிளஸ்டரோடு டேட்டாவும் அழிந்துவிடும்.