கணக்கு சாப்ட்வேர்: வாடகைக்கா, விலைக்கா?



சிட்டாவையும் பேரேட்டையும் அலமாரியில் கட்டி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் கணக்கெழுதும் காலம் இது. சாப்ட்வேர் விற்பவர் கடைக்கு வந்தால் இரண்டு விதமாக விலை சொல்லுகிறார். ஒன்று, மாதாமாதமோ வருஷாவருஷமோ கட்டும் சந்தா. மற்றொன்று, ஒரே தடவை பணம் கொடுத்து எடுக்கும் நிரந்தர லைசென்ஸ். நம் கடைக்கு ஏற்றது எது என்பதை இங்கே ஆராய்வோம்.

நாம் வாங்குவது என்ன?

சந்தா என்பது கடை வாடகையைப் போன்றது. வாடகை நின்றால் கதவு பூட்டப்படும். இது எல்லாருக்கும் விளங்கும். லைசென்ஸ் விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு தராசை விலைக்கு வாங்கினால் அது நம் சொத்து. விற்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். லைசென்ஸ் அப்படியன்று. சாப்ட்வேர் அதைச் செய்த கம்பெனிக்கே சொந்தம். இத்தனை கம்ப்யூட்டரில், இத்தனை பேர் பயன்படுத்தலாம் என்ற அனுமதி மட்டுமே நமக்குக் கிடைக்கிறது.

ஆகவே, எந்த வழியில் எடுத்தாலும் சாப்ட்வேர் நம்முடையதன்று. நம்முடையது அதற்குள் நாம் எழுதி வைத்த கணக்கு ஒன்றே. அந்தக் கணக்கு வேண்டிய நாளில் நம் கைக்கு எட்டுமா என்பதே முதல் கேள்வி. விலை அதற்கு அடுத்தது.

விலையைப் பார்ப்போம்

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். லைசென்ஸ் 2,000 வெள்ளி. இரண்டாம் வருஷத்திலிருந்து பராமரிப்புக்கும் புதிய பதிப்புக்கும் வருஷம் 400 வெள்ளி. சந்தாவோ மாதம் 80 வெள்ளி.

25 மாதத்தில் சந்தாக்காரர் 2,000 வெள்ளி கட்டி முடித்துவிடுவார். உடனே, லைசென்ஸ்தான் லாபம் என்று முடிவு கட்டக் கூடாது. 5 வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள். லைசென்ஸுக்கு 2,000, பராமரிப்புக்கு 1,600, ஆக 3,600 வெள்ளி. சந்தா 60 மாதத்துக்கு 4,800 வெள்ளி. வித்தியாசம் 1,200, மாதத்துக்கு 20 வெள்ளி.

சந்தா சாப்ட்வேர் பெரும்பாலும் இணையத்தில் இருப்பதால், கணக்கைப் பத்திரமாக நகலெடுத்து வைக்கும் வேலையைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். மாதம் 20 வெள்ளி அதற்குக் கூலி என்று கொள்ளலாம். நம் கடையில் அந்த வேலையைத் தவறாமல் செய்ய ஆள் இருந்தால் 20 வெள்ளி மிச்சம். ஆள் இல்லையென்றால் அது மிச்சமாகாது.

சந்தாவிலும் கவனிக்க வேண்டியது உண்டு. கம்பெனி நினைத்தால் கட்டணத்தை உயர்த்தலாம். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களும் உண்டு. கிளைக்கடை திறந்தால் செலவு இரட்டிக்கும். லைசென்ஸிலும், "ஒரே தடவை" என்ற சொல்லை நம்பிவிடக் கூடாது. இந்தியாவின் டாலி கம்பெனி நிரந்தர லைசென்ஸும் விற்கிறது, வாடகைக்கும் கொடுக்கிறது. நிரந்தரமாக வாங்கியவரும் புதிய பதிப்புகளைப் பெறத் தனிச் சந்தா கட்டத்தான் வேண்டும்.

சட்டம் மாறும்போது

பழைய பதிப்பே போதும், பராமரிப்பு வேண்டாம் என்று சிலர் சொல்லுவர். மலேசியாவில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். 2015 ஏப்ரல் 1இல் 6 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஜூன் 1இல் அது பூஜ்யமாயிற்று. அதே வருஷம் செப்டம்பர் 1இல் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. 2024 மார்ச் 1 முதல் பல சேவைகளுக்கு வரி 6இலிருந்து 8 சதவீதமாயிற்று.

பிறகு இ-இன்வாய்ஸ். 2024 ஆகஸ்ட் 1இல், வருஷ விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்டவர்களிடம் தொடங்கி, 2025 ஜூலை 1இல் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்களையும், 2026 ஜனவரி 1இல் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்களையும் எட்டியது. வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் கட்டணமின்றி எழுதலாம் என்பது உண்மை. ஆனால் தினம் பல பில் போடும் மொத்த வியாபாரி ஒவ்வொன்றையும் அங்கே போய் மறுபடி எழுதிக்கொண்டிருக்க முடியாது. அந்தத் தளத்தோடு பேசும் சாப்ட்வேர் வேண்டும். இத்தகைய மாற்றங்கள் சந்தாவில் பெரும்பாலும் தாமே வந்து சேரும். லைசென்ஸில் பராமரிப்புக் கட்டினால்தான் வரும்.

கணக்கு கைக்கு எட்டுமா?

வருமான வரிச் சட்டப்படி கணக்குகளை 7 வருஷம் வைத்திருக்க வேண்டும். மூன்றாம் வருஷம் சந்தாவை நிறுத்தியவரிடம், ஐந்தாம் வருஷம் அதிகாரி வந்து முதல் வருஷக் கணக்கைக் கேட்டால் எதைக் காட்டுவது? சந்தாக்காரருக்கு உள்ள ஆபத்து இது.

லைசென்ஸ்காரருக்கு ஆபத்து கம்ப்யூட்டரில் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தது போல் புகுந்தால், கம்ப்யூட்டரோடு கணக்கும் போகும். பக்கத்திலேயே வைத்த நகலும் போகும். விண்டோஸ் 10க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்திவிட்டது. பழைய சாப்ட்வேர் புதிய கம்ப்யூட்டரில் ஓடுமா என்பதையும் முன்னரே கேட்டு வைக்க வேண்டும்.

இரண்டு வழிக்கும் பரிகாரம் ஒன்றே. மாத முடிவில் பேரேடு, பற்று வைத்தவர் பட்டியல், நாம் கொடுக்க வேண்டியவர் பட்டியல், சரக்கு இருப்பு ஆகியவற்றை எக்ஸெலிலும் பி.டி.எப்.பிலும் இறக்கி, ஒரு நகலைக் கடைக்கு வெளியே வைக்க வேண்டும். வருஷ முடிவில் ஐந்தொகையை அச்செடுத்துக் கட்டி வைப்பது நல்லது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. பணம் கட்டுவதை நிறுத்தினால் பழைய கணக்கைப் பார்க்க முடியுமா? எத்தனை நாளைக்கு?

2. கணக்கு முழுவதையும் நாமே இறக்கிக்கொள்ள முடியுமா?

3. கம்ப்யூட்டர் மாற்றினால் லைசென்ஸை மாற்றித் தருவார்களா? அதற்குக் கட்டணம் உண்டா?

4. எந்தத் தேதியைக் கேட்டாலும் அன்றைய சரக்கு இருப்பும் பாக்கியும் தெரியுமா? ஜகாத்தின் வருஷம் பிறைக் கணக்கு; ஆங்கில வருஷத்தைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. டிசம்பர் 31க்கு மட்டும் கணக்குக் காட்டும் சாப்ட்வேர் அதற்கு உதவாது.

5. பதிவு யார் பெயரில்? கணக்கெழுதும் பிள்ளையின் சொந்த ஈமெயிலில் பதிந்தால், அவர் விலகும் நாளில் சாவியும் அவரோடு போகும். கடையின் பெயரில் பதிந்து, பங்காளி ஒருவருக்கோ வீட்டில் பொறுப்பானவருக்கோ அது தெரிந்திருக்க வேண்டும்.

முடிவாக

ஒரே கடை, ஒரே கம்ப்யூட்டர், நகலெடுக்கத் தவறாத ஆள் என்று இருப்பவருக்கு லைசென்ஸ் போதும். கிளைகள் உள்ளவர், பயணத்திலிருந்து கணக்குப் பார்க்கிறவர், இ-இன்வாய்ஸ் கட்டாயமானவர் ஆகியோருக்குச் சந்தாவே சௌகரியம். புதிதாகத் தொடங்குகிறவர் ஒரு வருஷம் சந்தாவில் பழகிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

முதலாளி திடீரென்று கண்ணை மூடினால், யாரிடம் எவ்வளவு வர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை வாரிசுகள் அந்தக் கணக்கைக் கொண்டுதான் அறிவார்கள். கடனைத் தீர்ப்பதும், பங்காளியின் பங்கைப் பிரிப்பதும், சொத்தைப் பாகம் செய்வதும் அதைக் கொண்டுதான். ஆகையால், வாடகைக்கு எடுத்தாலும் விலைக்கு எடுத்தாலும், இந்த மாதக் கணக்கின் நகலை இந்த மாதமே எடுத்து வைப்போமாக.