ஜித்தா எத்தனை மணிப் பயணம்?

உம்ராவுக்குப் புறப்படும் அன்பர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது: "சிங்கப்பூரிலிருந்து ஜித்தா எத்தனை மணிப் பயணம்?" விடை சிறிதுதான். ஆனால் அதைச் சரியாக விளங்கிக்கொள்ளாவிடில், உட்கொள்ளும் மருந்திலும் செய்யும் வணக்கத்திலும் பிழை நேரக்கூடும். ஆகவே இக்கணக்கைச் சற்று ஆராய்வோம்.

தூரம்: பூமிப் பந்தின் மீது மிகக் குறுகிய வழியாக அளந்தால், இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 7,360 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் பறப்பது. வகுத்துப் பார்த்தால் எட்டு மணிக்குச் சற்று அதிகமாக வரும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. வான்பாதையும் நேர்கோடாக அமைவதில்லை. ஆதலின் நேர் விமானத்தில் போவதற்கு ஏறத்தாழ 9 மணி நேரம் என்று கொள்ளலாம்.

கடிகாரம்: ஜித்தாவின் நேரம் நம் நேரத்திற்கு 5 மணி பின்தங்கியது. பகல் 2 மணிக்கு இங்கே புறப்பட்டு 9 மணி நேரம் பறந்தால், நம் கைக்கடிகாரம் இரவு 11 காட்டும். ஜித்தாவிலோ மாலை 6 மணிதான். திரும்புகையில் இது தலைகீழாகும். அங்கே மாலை 6 மணிக்கு ஏறியவர் இங்கே இறங்கும்போது மறுநாள் காலை 8 மணி. "இரண்டு மணிக்கு ஏறி ஆறு மணிக்கு இறங்கினோம், நான்கு மணிப் பயணம்" என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

நம் முன்னோர் கப்பலில் சென்ற காலத்தில் இப்பயணத்திற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் பிடித்தது. நேர வித்தியாசம் நாளுக்குச் சிறிதாகப் பரவி, உடலும் மெல்லப் பழகிற்று. இன்று அது ஒரே நாளில் நம்மீது இறங்குகிறது.

மருந்து: காலை 8, இரவு 8 என மருந்து உட்கொள்ளும் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இங்கே காலையில் உட்கொண்டுவிட்டு, ஜித்தாவில் இரவு 8 மணி ஆகட்டும் என்று காத்திருந்தால் இடைவெளி 12 மணி அல்ல, 17 மணி. திரும்பும்போது விமானத்தில் ஜித்தா நேரப்படி இரவு 8 மணிக்கு உட்கொண்டு, இங்கே காலை 8 மணிக்கு மீண்டும் உட்கொண்டால் இடைவெளி 7 மணிதான். நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்வோர்க்கு இது ஆபத்தாகவும் முடியலாம். புறப்படுமுன் பயண நேரங்களை மருத்துவரிடம் காட்டி, எந்த வேளை எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்வது அவசியம்.

இஹ்ராம்: நேராக மக்கா செல்வோர் மீக்காத் எல்லையை விமானத்திலேயே கடக்கிறார்கள். 900 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்திற்கு 15 கிலோமீட்டர். அறிவிப்பு வந்த பின் உடை மாற்ற எழுந்தால், வரிசையில் நிற்கும்போதே எல்லை கடந்துவிடும். ஆகவே குளிப்பையும் உடையையும் வீட்டிலோ விமான நிலையத்திலோ முடித்துக்கொண்டு, நிய்யத்தை மட்டும் எல்லை நெருங்கும்போது வைத்துக்கொள்வது நலம்.

இனி எவரேனும் "எத்தனை மணிப் பயணம்?" என்று கேட்டால், "ஒன்பது மணி" என்பதோடு நில்லாமல், "கடிகாரத்தில் ஐந்து மணி வித்தியாசம்" என்பதையும் சேர்த்துச் சொல்வோமாக. வீட்டுப் பெரியவர்களை வழியனுப்பும் பிள்ளைகள் இக்கணக்கை ஒரு தாளில் எழுதி அவர்கள் பையில் வைத்தனுப்புவார்களாக.