காப்பு அவிழ்த்த மறுநாள்

முத்தையாபுரத்தில் உப்பு லாரிக்கு லோடு ஏற்றுகிறவர்கள் நாங்கள். வேலை முடிந்தால் கையில் துட்டு, மேலெல்லாம் உப்பு எரிச்சல், இடுப்பு வலி, பக்கத்தில் நாலு கூட்டாளி. ஒரு கட்டிங் போட்டால்தான் தூக்கம் வரும் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. நான் குடியை விட்டதும் அந்த நாலு பேரும் கூடவே போய்விட்டார்கள். உடம்பு தேறிய பிறகும் என்னை ரொம்ப நாள் படுத்தியது அதுதான்.

உடம்புச் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் குடிக்கிறவர் வைராக்கியமாக வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். பேய் பிடித்துவிட்டது என்று விபூதி போடுவார்கள். அது உயிரையே எடுக்கக்கூடிய நிலை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். 'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்ஃபிரம், டாக்டர் சொல்லி, தெரிந்தே விழுங்க வேண்டிய மாத்திரை. தெரியாமல் அதன்மேல் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். பிழைத்தாலும், வீட்டில் வைக்கிற குழம்பை அப்புறம் நம்ப மாட்டான்.

குடிக்காமல் இருக்கத் தெரியாதவன் எங்கள் பக்கத்தில் யாருமில்லை. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரத மாலை போட்டுவிட்டால் எப்பேர்ப்பட்டவனும் டாஸ்மாக் இருக்கிற தெருவில் கால் வைக்க மாட்டான். சூரசம்ஹாரம் முடிந்து காப்பு அவிழ்த்தால் பலர் நேரே பாருக்குத்தான். விரத நாளில் தசரா செட் இருக்கிறது, மேளம் இருக்கிறது, வீடு வீடாகக் காணிக்கைக்குப் போக வேண்டியிருக்கிறது, சின்னப் பிள்ளை கூட 'சாமி' என்கிறது. இத்தனையும் ஒரே ராத்திரியில் போய்விட்டால், மறுநாள் சாயங்காலம் அவன் எங்கே போய் உட்காருவான்? சிகிச்சை முடிந்து வருகிறவன் பாடும் இதுதான். அவனை யாரும் சாமி என்று கூப்பிடுவதும் இல்லை.

அதனால் ஆறு மணிக்கு மேல் போக ஓர் இடத்தை, ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் ஒத்து வந்தது. 1935-ல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு பேருமே குடியில் சீரழிந்தவர்கள், தொடங்கியது. கட்டணம் கிடையாது, சாதி ஊர் கேட்பதில்லை. புத்தி சொல்ல அங்கே ஆளில்லை. அவனவன் கதையை அவனவன் சொல்வான். ஒருவருக்குப் பிடிக்காமல் போகலாம், அப்படியென்றால் கேரம்போர்டு கிளப்போ சர்ச் பாடல் குழுவோ, ஏதோ ஒன்று.

வீட்டில் சத்தியம் செய்யாதீர்கள். தலையிலடித்துச் செய்த சத்தியங்களை நிறையப் பார்த்தவள் மனைவி. "ஊதுங்க" என்றால் ஊதிவிடுங்கள். 'இன்னுமா நம்பல' என்று எகிறினால் அன்றைக்கே சண்டை, சண்டை போட்டவன் வெளியே கிளம்புவான், கிளம்பினால் எங்கே போவான் என்று அவளுக்கும் தெரியும். கூலியை அவள் கையில் கொடுத்து, டீக்கு மட்டும் வாங்கிக்கொண்டேன். தூக்கமில்லாத ராத்திரியும் காரணமில்லாத எரிச்சலும் மாதக்கணக்கில் இருக்கும். அதை முன்கூட்டியே அவளிடம் சொல்லி வைப்பது நல்லது.

துஷ்டி வீடும் கல்யாண வீடும்தான் பெரிய கண்டம். "ஒரு பெக்குல என்ன மாப்ள வந்துறப் போவுது?" என்பார்கள். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சமாளித்தால், மாத்திரை எப்போது முடியும் என்று கேட்பார்கள். "எனக்கு ஒத்துக்கல மச்சான், விட்டுட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துஷ்டி வீட்டில் சுடுகாடு வரை போய்விட்டு, குளித்ததும் நேரே வீட்டுக்கு. கல்யாண வீடென்றால் பந்தி பரிமாற முதல் ஆளாகப் போய் நின்றுவிடுவேன். கையில் சாம்பார் வாளி வைத்திருக்கிறவனை யாரும் பந்தலுக்குப் பின்னால் கூப்பிடுவதில்லை.