கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் சேர்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் காலேஜ் என்று பேச்செடுத்தாலே எஸ்.ஏ.டி. மதிப்பெண், கட்டுரை, சிபாரிசுக் கடிதம் என்று வீட்டில் கவலை தொடங்கிவிடும். கம்யூனிட்டி காலேஜுக்கு இவை எதுவும் வேண்டாம். இல்லினாயின் ஜோலியட்டில் 1901-இல் முளைத்த இந்த இரண்டாண்டுக் கல்லூரி முறை இன்று நாடு முழுக்க இருக்கிறது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் கலிஃபோர்னியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே 116 கல்லூரிகள். குப்பர்டினோவின் டி ஆன்சா கல்லூரி பற்றி சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடம் கிடைப்பது எளிது. எந்தக் கணக்கில் உங்களைச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் பணம் போகும்.

படி 1: தகுதி பாருங்கள்

18 வயது நிரம்பியிருந்தால் போதும். பள்ளிச் சான்றிதழ்கூடக் கட்டாயமில்லை. அதற்குக் கீழே என்றால் ஹைஸ்கூல் டிப்ளமோ அல்லது ஜி.இ.டி. போன்ற சமமான சான்று தேவை. ஹைஸ்கூலில் படிக்கும்போதே பெற்றோர், பள்ளி இருதரப்பு அனுமதியோடு ஓரிரு பாடம் எடுக்கவும் வழியுண்டு.

நர்சிங், டென்டல் ஹைஜீன் போன்ற படிப்புகள் மட்டும் தனி. கல்லூரியில் சேர்ந்தாலே நர்சிங்கில் சேர்ந்ததாகாது. அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி ஆகியவற்றை நல்ல கிரேடில் முடித்துவிட்டு, அதற்கென்று இன்னொரு விண்ணப்பம் போட வேண்டும். இடம் குறைவு, போட்டி கடுமை.

படி 2: விசாவைப் பாருங்கள்

எச்-4-இல் இருப்பவர் முழுநேரமாகவே படிக்கலாம், விசா மாற்றத் தேவையில்லை. எஃப்-2 என்றால் பகுதி நேரம் மட்டும். பேரக்குழந்தையைப் பார்க்க பி-2-இல் வந்திருக்கும் பெற்றோரைப் பட்டப்படிப்பில் சேர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதற்கு அந்த விசா இடம் தராது.

இந்தியாவிலிருந்து நேராக வருபவருக்கு எஃப்-1. அதற்கு விண்ணப்பமே வேறு. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், பணம் இருப்பதற்கான வங்கிச் சான்று இரண்டையும் பார்த்து, விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைக் கல்லூரி தரும். வந்தபின் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 12 யூனிட் எடுத்தாக வேண்டும்.

படி 3: விண்ணப்பம் போடுங்கள்

சி.சி.சி. அப்ளை என்ற பொதுத் தளத்தில் இலவசமாகப் போடலாம். நம் ஊர்க்காரர்கள் சிக்குவது முதல் பக்கத்திலேயே: பெயர். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேமாகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு அப்பா பெயரை ஒட்டி ஒப்பேற்ற வேண்டாம். விசா, ஓட்டுநர் உரிமம், விண்ணப்பம் மூன்றிலும் பெயர் முரண்படாமல் இருக்கட்டும். பொருந்தவில்லை என்றால் கல்லூரியின் அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கலிஃபோர்னியாவில் எந்தத் தேதியிலிருந்து வசிக்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். குத்துமதிப்பாகப் போடாதீர்கள். அடுத்த படி முழுக்க அதில்தான் நிற்கிறது.

படி 4: ரெசிடென்சி

மாநிலவாசிக்குக் கட்டணம் செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். மூன்று யூனிட் பாடம் 138 டாலரில் முடிந்துவிடும். மாநிலவாசி இல்லையென்றால் கூடுதல் கட்டணம் உண்டு. கல்லூரிக்குக் கல்லூரி மாறினாலும் யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல் போவது சகஜம். அதே பாடம் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும்.

மாநிலவாசி ஆவதற்கு, பருவம் தொடங்கும் நாளுக்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் அங்கே வசித்திருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது. நிலையாகத் தங்கும் எண்ணத்தையும் காட்ட வேண்டும். மாநில வருமான வரித் தாக்கல், மாநில ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம் போன்றவை அதற்கு உதவும். டெக்சாஸிலிருந்து மாறி வந்தவர் பழைய உரிமத்தையே வைத்துக்கொண்டிருந்தால் கேள்வி எழும். எச்-4-இல் இருப்பவருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. எஃப்-1-க்கு இல்லை. 21 வயது நிரம்பி எச்-4 முடியும் பிள்ளைகள் எஃப்-1-க்கு மாறும்போது கட்டணம் எகிறுவது இதனால்தான்.

ஃபாஃப்சா விண்ணப்பம் வழியே கிடைக்கும் அரசு உதவித்தொகை குடிமக்கள், கிரீன் கார்டுகாரர்கள் போன்றோருக்கே. எச்-4-க்குக் கிடையாது.

படி 5: மார்க் ஷீட், பிரிரெக்விசிட்

2017-இல் வந்த ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கும் ஆங்கிலம், கணக்குத் தேர்வுகள் ஒழிந்தன. ஹைஸ்கூல் கிரேடை வைத்து வகுப்பைத் தீர்மானிக்கிறார்கள். அமெரிக்காவில் பள்ளி படிக்காதவர் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தானே தேர்ந்துகொள்ளலாம்.

ஊரில் பி.இ., பி.காம். முடித்தவர் ஏதோ ஒரு வகுப்பில் சேர அந்தப் பட்டம் தேவைப்படாது. ஆனால் கால்குலஸ் முடித்திருந்தால்தான் சேரலாம் என்று ஒரு பாடம் சொன்னால், முன்பு படித்ததை நிரூபிக்க வேண்டும். அதற்கு நேசஸ் அமைப்பில் உறுப்பினரான நிறுவனம் ஒன்றின் மதிப்பீட்டு அறிக்கை கேட்பார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவது எவ்வளவு இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். இதை முதல் வேலையாக ஆரம்பியுங்கள்.

படி 6: கவுன்சிலர், பிறகு பதிவு

ஓரியண்டேஷனை முடித்து, கவுன்சிலரோடு உட்கார்ந்து படிப்புத் திட்டம் போட்டால் பதிவு வரிசையில் முன்னே வரலாம். பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு (யூ.சி.) மாறும் எண்ணம் இருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். அங்கே இடத்தை உறுதிசெய்யும் டாக் என்னும் உத்தரவாத ஒப்பந்தம் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களுக்குத்தான். பெர்க்லியும் யூ.சி.எல்.ஏ.வும் அதில் இல்லை.

கேட்ட வகுப்பு நிரம்பியிருந்தால் வெயிட்லிஸ்டில் பெயர் கொடுத்துவிட்டு முதல் நாளே வகுப்பில் போய் உட்காருங்கள். வராதவர்களைப் பேராசிரியர் நீக்கும்போது இடம் காலியாகும். அந்த இடத்தில் சேர அவர் தரும் ஆட் கோடுக்குக் கெடு உண்டு. வாங்கிய கையோடு பதிவு செய்துவிடுங்கள்.