ஆறாம் தரத்துப் பிள்ளைகள் ஏன் மைதானத்தை விட்டுப் போகிறார்கள்?

கேள்வி:

மன்னார் தீவில் உள்ள ஒரு பாடசாலையில் உதைபந்தாட்டத்துக்குப் பொறுப்பான உடற்கல்வி ஆசிரியர் நான். ஒவ்வோர் ஆண்டும் ஆறாம் தரத்துக்குப் பல ஊர்ப் பிள்ளைகள் புதிதாக வருகிறார்கள். தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, தாழ்வுபாடு, பள்ளிமுனை என்று எல்லாப் பக்கமிருந்தும். பெரும்பாலானவர்கள் கடற்கரை மணலில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள். முதல் வாரம் மைதானத்தில் முப்பது நாற்பது பேர் நிற்பார்கள். இரண்டாம் தவணை வரும்போது பத்துப் பேரைக் காண்பதே அரிது. போனவர்களைக் கேட்டால் "ரியூசன் சேர்", "பஸ் இல்லை சேர்" என்கிறார்கள். பெரிய பெடியன்கள் இவர்களைப் பந்து பொறுக்க மட்டுமே விடுகிறார்கள் என்றும் காதில் விழுகிறது. நேரமும் பந்தும் குறைவாக இருப்பதால், முதல் வாரத்திலேயே தெரிவு வைத்து நல்ல பதினைந்து பேரை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன என்று அதிபர் கேட்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. என்ன செய்யலாம்?

- உடற்கல்வி ஆசிரியர், மன்னார்

பதில்:

அதிபரின் யோசனையை முதலில் பார்ப்போம். முதல் வாரத் தெரிவு வேண்டாம். முதல் ஆண்டு முழுக்கவே தெரிவு வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து.

பதினொரு வயதில் ஒரு வாரம் பார்த்துவிட்டு நீங்கள் பொறுக்கி எடுப்பது பெரும்பாலும் உடம்பின் அளவைத்தான். ஒரே வயதுப் பிரிவில் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவனுக்கும் கடைசியில் பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி உண்டு. அந்த வயதில் ஒரு வருடம் என்றால் ஐந்தாறு சென்ரிமீற்றர் உயரம், அதற்கேற்ற பலம், ஓட்டம். பல நாடுகளின் இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலிருந்து காட்டி வருகிறார்கள். இது பிறந்த மாதக் கணக்கு மட்டுமே. பருவ வளர்ச்சி தொடங்கியபின் இடைவெளி இன்னும் விரிகிறது. பதின்மூன்று வயதில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும் இரு பெடியன்களின் உடல் முதிர்ச்சியில் நான்கைந்து ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். பெல்ஜியம் நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தனி இளையோர் அணிகளை வைத்துப் பயிற்சி கொடுத்தது. அவர்களை இழந்துவிடக்கூடாது என்பதே நோக்கம். அவ்வளவு வசதி உள்ள நாடே தவறவிட அஞ்சும்போது, ஒரு தீவின் பிள்ளைகளை வைத்து அணி கட்டும் நாம் முதல் வாரத்திலேயே இருபத்தைந்து பேரை வீட்டுக்கு அனுப்பலாமா?

இன்னொன்றும் இருக்கிறது. அவசரத் தெரிவில் கண்ணில் படுவது கோல் அடிப்பவன்தான். இடம் பார்த்து நிற்பவன், எதிரணி பந்தை எங்கே கொடுக்கும் என்று முன்கூட்டியே உணர்பவன், தோற்கும்போதும் சத்தம் கொடுத்துக்கொண்டே இருப்பவன் எல்லாம் மாதக்கணக்கில் பார்த்தால்தான் தெரிவார்கள். மன்னார் தேசிய அணிக்குத் தந்த டக்சன் பியூஸ்லஸ் பின்கள வீரர். மாலைதீவின் வலென்சியா கழகம் வரை போய் விளையாடியவர், 2022 பெப்ரவரியில் அங்கேயே காலமானார். அவரை அறிந்த ஊர் இது. பின்களத்தில் நிற்கும் ஒரு பிள்ளைக்குப் பொறுமையாக நேரம் கொடுப்பது ஏன் முக்கியம் என்று உங்கள் அதிபருக்கு விளக்க வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

பந்தும் நேரமும் குறைவு என்பது உண்மையான நெருக்கடி. அதற்கு விடை ஆட்களைக் குறைப்பதில் இல்லை, ஆட்டத்தைச் சிறிதாக்குவதில் இருக்கிறது. பதினொருவருக்குப் பதினொருவர் என்று ஒரே பந்தில் விளையாடினால், கூச்சமுள்ள பிள்ளை கால் மணித்தியாலம் பந்தைத் தொடாமலே ஓடிக்கொண்டிருப்பான். அவன்தான் அடுத்த வாரம் வராதவன். மைதானத்தின் ஒரு பாதியை நான்காகப் பிரியுங்கள். நாலுக்கு நாலு, கோல்கீப்பர் இல்லை, இரண்டு செருப்பை வைத்தால் கோல். நான்கு பந்தில் முப்பத்திரண்டு பேர் விளையாடுவார்கள். ஏழு எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை அணிகளை மாற்றுங்கள். இந்த வயதுக்கு 4ஆம் இலக்கப் பந்துதான் சரி. பெரிய பந்து மட்டுமே இருந்தால் காற்றைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். தலையால் முட்டும் பயிற்சியை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அதை 2020இல் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சிறிய ஆட்டம் நமது காற்றுக்கும் பொருந்தும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் உயரத் தூக்கி அடித்த பந்து எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலைப் பண்ணையைத் திறந்ததே அந்தக் காற்றை நம்பித்தான். நிலத்தோடு ஒட்டிக் குறுகிய பந்து கொடுக்கப் பழகிய பிள்ளை இந்தக் காற்றில் தடுமாறமாட்டான். பெரிய அணியே அவனிடம் படிக்க வேண்டிவரும்.

இனிப் பெரிய பெடியன்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அந்த ஒரு வரிதான். பதினொரு வயதுப் பிள்ளை உங்களிடம் "பஸ் இல்லை சேர்" என்று சொல்வதில் பாதி, "அந்த அண்ணாமாரை நினைத்தால் பயமாக இருக்கிறது சேர்" என்பதுதான். அதை அவன் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லமாட்டான். பந்து பொறுக்கவிடுவது, போத்தலில் தண்ணீர் நிரப்பிவரச் சொல்வது, ஊர்ப் பெயரையோ அப்பாவின் தொழிலையோ வைத்துப் பட்டம் சொல்வது எல்லாம் செய்கிறவனுக்குச் சின்னப் பகிடி. மீன் வாடை என்று ஒருமுறை கேட்ட பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டான். முதல் தடவை கேட்கும்போதே நிறுத்துங்கள். அணித்தலைவனாக இருந்தாலும் சரி, அன்றைய ஆட்டத்தை வெளியில் இருந்து பார்க்கட்டும்.

தண்டனையோடு விட்டுவிடக்கூடாது, பொறுப்பும் கொடுக்க வேண்டும். பத்தாம், பதினோராம் தரத்துப் பெடியன்களில் நிதானமான ஆட்களைத் தெரிந்து, ஒவ்வொருவரிடமும் மூன்று சின்னப் பிள்ளைகளை ஒப்படையுங்கள். நன்றாக விளையாடுகிறவனைத்தான் தெரிய வேண்டும் என்றில்லை. வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துப் பழகியவன் போதும். அவன் வேலை மூன்று விடயம்: பெயர் தெரிந்திருக்க வேண்டும், எந்த ஊர் என்று தெரிந்திருக்க வேண்டும், பின்னேரம் எப்படி வீடு போகிறான் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் ஒருவன் வரவில்லை என்றால் உங்களுக்கு முதல் அவனுக்குத் தெரிய வேண்டும். மைதானத்தில் பந்து சேர்ப்பதற்கு முறை வையுங்கள். அந்தப் பட்டியலில் முதல் பெயர் அணித்தலைவனுடையதாக இருக்கட்டும்.

உடம்பைச் சூடாக்கும் முதல் இருபது நிமிடத்தை இந்த அண்ணாமாரே நடத்தலாம். 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கென்று ஃபிஃபாவின் '11+ கிட்ஸ்' என்ற பயிற்சித் தொகுதி இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து இறங்குவது, விழுந்து உருள்வது என்று ஏழு பயிற்சிகள், பந்தைத் தவிர எந்தக் கருவியும் தேவையில்லை. நான்கு ஐரோப்பிய நாடுகளில் ஏறத்தாழ 3,900 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. சொல்லிக்கொடுக்கும் பெரியவனும் சேர்ந்து செய்வதால் அவனுக்கும் பயன். குதிக்காலிலோ முழங்காற் சிரட்டைக்குக் கீழேயோ நோகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் "ஓடினால் சரியாகும்" என்று சொல்ல வேண்டாம். வளரும் எலும்பில் தசைநார் இழுப்பதால் வரும் நோவு அது. ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுங்கள், குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

குழு பிரிக்கும்போது ஊர் ஊராக விடாதீர்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே பந்து கொடுத்துக்கொள்வார்கள், தனியாக வந்தவன் ஓரத்தில் நிற்பான். நமது தீவில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபின், எருக்கலம்பிட்டிப் பெடியனும் பேசாலைப் பெடியனும் ஒரே மைதானத்தில் சந்திக்காமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. இன்று அவர்களின் பிள்ளைகள் உங்கள் ஆறாம் தரத்தில் ஒன்றாக இருக்கிறார்கள். அவர்களை ஒரே நால்வர் அணியில் போடும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது. இந்த வேலையில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிவது இதுதான்.

நாட்காட்டியையும் அதற்கேற்ப எழுதுங்கள். இந்த ஆண்டுகளில் ரமழான் ஆண்டின் முற்பகுதியில் வருகிறது. 2026இல் ரமழானும் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கின. புதிய பிள்ளை கால் ஊன்றும் காலமே நோன்புக் காலம். நோன்பு பிடிக்கும் பிள்ளைக்கு அந்த மாதம் ஓட்டம் வேண்டாம். நிழலில் பந்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சி, ஆட்டத்தைப் பார்த்துக் கோல் கணக்கு எழுதுவது, நடுவருக்கு உதவி என்று ஏதாவது கையில் கொடுத்துக் கூட்டத்துக்குள்ளேயே வைத்திருங்கள். ஞாயிறு காலையில் பயிற்சி வைத்தால் பூசைக்கும் மறைக்கல்விக்கும் போகும் பிள்ளைகளை இழப்பீர்கள்.

பஸ்ஸும் பசியும் வெறும் சாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டு, நாலு மணிக்குப் பயிற்சி என்றால் இடையில் தலைமன்னார்ப் பிள்ளை என்ன சாப்பிடுவான்? ஐந்து நாள் பயிற்சியை இரண்டு நாளாக்குங்கள். தூர ஊர்ப் பிள்ளைகள் போகும் பஸ்ஸின் நேரத்தை முதலில் எழுதி, அதற்கு அரை மணித்தியாலம் முன்னதாகப் பயிற்சியை முடியுங்கள். பழைய மாணவர்களிடம் உதவி கேட்பதென்றால் சீருடைக்கு முன்னர் கடலை, வாழைப்பழம், கஞ்சிக்குக் கேளுங்கள். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். அதுவரை ஆட்டம் குறுகியதாகவும், கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடிப்பது கட்டாயமாகவும் இருக்கட்டும்.

சப்பாத்து விடயத்தில் முதலாம் தவணையில் கண்டிப்பு வேண்டாம். வெறுங்காலோடு வருகிறவர்கள் ஒரு ஆட்டம், பூட்ஸ் போட்டவர்கள் வேறு ஆட்டம். இரண்டையும் கலந்தால் விரல் நசுங்கும். பெரியவர்களுக்குச் சிறிதாகிப்போன சப்பாத்துகளைச் சேர்த்துக் களஞ்சிய அறையில் ஒரு பெட்டியில் வையுங்கள். எல்லார் முன்னாலும் கூப்பிட்டுக் கொடுக்காமல், போய்ப் பொருத்தமானதை எடுத்துக்கொள் என்று விட்டுவிடுங்கள்.

பெற்றோரைப் பாடசாலைக்கு வரச்சொல்லிக் காத்திருப்பதைவிட நீங்கள் ஊருக்குப் போவது பலன் தரும். பூசை முடிந்த பின்னரோ, தொழுகை முடிந்த பின்னரோ அரை மணித்தியாலம் போதும். பெரிய வாக்குறுதி எதுவும் கொடுக்காதீர்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும், எந்த பஸ், யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ரியூசன் ஆசிரியரிடமும் நேரடியாகக் கதையுங்கள். பயிற்சி நடக்கும் இரண்டு நாளையும் தவிர்த்து வகுப்பு வைக்க முடியுமா என்று நேரில் கேட்டால் பலர் இணங்குவார்கள்.

சாதாரண தரம் முடித்து உயர்தரத்துக்கு வேறு பாடசாலைகளிலிருந்து வரும் பெடியன்களுக்கு இந்த முறை பொருந்தாது. அவர்களுக்கு விளையாட்டும் தெரியும், பழைய பாடசாலையில் ஒரு பெயரும் இருக்கும். அங்கே எந்த இடத்தில் விளையாடினாய் என்று கேட்டு, இரண்டு மூன்று பயிற்சி ஆட்டம் அதே இடத்தில் விடுங்கள். இடத்தை இழக்கப்போகும் உங்கள் பழைய வீரனிடம் அதற்கு முன்னமே தனியாகக் கதையுங்கள்.

கடைசியாக, பெயர்ப் பட்டியலை மூடாதீர்கள். காற்று மாறும்போது தொழிலுக்காக வேறு கரைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் சில வாரம் வராமல் இருப்பார்கள். சனிக்கிழமை கரைவலைக்குப் போகிற பிள்ளையும் இருப்பான். திரும்பி வந்தவனை "இவ்வளவு நாள் எங்கே போனாய்" என்று வரிசைக்கு முன் நிறுத்திக் கேட்க வேண்டாம். அவனுக்குப் பொறுப்பான அண்ணா கூட்டிக்கொண்டுபோய் அன்றைக்கே ஒரு நால்வர் அணியில் விடட்டும். தெரிவைப் பற்றி அதிபரோடு அடுத்த ஆண்டு, இந்தப் பிள்ளைகள் ஏழாம் தரத்துக்கு வந்தபின் கதையுங்கள். அப்போது ஒரு வருட வரவுப் பதிவும், ஒவ்வொரு பிள்ளையையும் பற்றி நீங்கள் எழுதிவைத்த குறிப்பும் உங்கள் கையில் இருக்கும்.