முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்களுக்கு

ஈப்போவில் மறைக்கல்வி வகுப்புக்கு வருகிறவர்கள், தவக்காலம் பிறந்தாலே முகம் வாடிப்போவார்கள். ஃபாதர் முன்னால் உட்கார்ந்து என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்ற கவலை. அவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. யார், எதைச் சொல்ல வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஞானஸ்நானம் இல்லாதவர் பாஸ்கா இரவில் அதைப் பெறும்போதே, அதுவரை செய்த பாவங்கள் எல்லாம் மன்னிக்கப்படுகின்றன. அவற்றைச் சொல்லவே வேண்டியதில்லை. மெத்தடிஸ்ட், லூத்தரன் சபைகளில் ஞானஸ்நானம் பெற்று வருகிறவர்கள் திருச்சபையில் சேருமுன் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள்.

2. முந்தின இரவே பத்துக் கட்டளைகளை வைத்து ஆன்ம சோதனை செய்யுங்கள். நினைவுக்கு வராமல் விட்டுப்போன பாவத்துக்குப் பயப்படாதீர்கள், மன்னிப்பு அதையும் சேர்த்துத்தான். தெரிந்தே மறைத்த சாவான பாவம்தான் பாவசங்கீர்த்தனத்தைக் கெடுக்கும்.

3. உங்கள் பாவத்தை மட்டும் சொல்லுங்கள். மாமியார் செய்தது, அண்ணன் ஏமாற்றியது எல்லாம் அங்கே வேண்டாம். சுற்றி வளைக்கவும் வேண்டாம். "குடிக்கிறேன், ஃபாதர்" என்று நிறுத்திவிட்டால் பாதி உள்ளேயே தங்கிவிடும். "சம்பளத்தைக் குடித்துவிட்டேன், வீட்டில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லை" என்று சொன்னால்தான் எதற்காக மனம் வருந்துகிறோம் என்று நமக்கே தெரியும்.

4. ஃபாதர் வெளியே சொல்லிவிடுவாரோ என்ற பயம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதிகம். லயத்து வீட்டில் ரகசியம் ஏது? பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். ஆனால் பாவசங்கீர்த்தன ரகசியம் வேறு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983-ஆம் சட்டப்படி, வார்த்தையாலோ வேறு எந்த விதத்திலோ குருவானவர் அதைக் காட்டிக்கொடுக்க முடியாது. நேரடியாக மீறினால் அந்தக் கணமே அவர் திருச்சபைக்குப் புறம்பாகிறார். கேட்டதை வைத்து உங்களுக்குத் தீங்காக எதையும் செய்யவும் கூடாது.

5. மொழி ஒரு தடையே இல்லை. சீன ஃபாதரிடம் தமிழர் போகலாம். மொழிபெயர்ப்பவர் ஒருவரை வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது, அவரும் ரகசியம் காக்க வேண்டியவர். இருந்தாலும் தாய்மொழியில் அழுவது தனி. வேற்றினக் குருவானவர் நமக்குப் புதிதும் அல்ல: பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் பிரெஞ்சுக் குருக்கள் பேராக்கில் நம் முன்னோரிடையே வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவரான ரெனே ஃபே, 1880-களில் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கரை நெல் வயல்களில் குடியேற்றினார், 1896-இல் மலாக்கா ஆயரானார்.

6. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடவுள் மன்னிப்பார், ஆனால் அடுத்தவனிடம் எடுத்ததை நாம்தான் திருப்ப வேண்டும். கூட்டுப் பணம் பிடித்து வைத்துக்கொண்டவர், தோட்டம் விற்றபோது தங்கைக்குச் சேர வேண்டிய இழப்பீட்டை அமுக்கியவர், பாவசங்கீர்த்தனத்தோடு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. திருப்பித் தரும் எண்ணமே இல்லாவிட்டால் அது மனஸ்தாபமே அல்ல. ஒரே நேரத்தில் முடியாதா, மாதா மாதம் கொடுங்கள். பெயர் சொல்லிக் கொடுக்க வெட்கமா, யாரென்று தெரியாமல் போய்ச் சேரட்டும். கொடுக்க வேண்டியவர் இறந்துவிட்டால் வாரிசிடம். ஒருவருமே இல்லையென்றால் ஏழைக்கு. இல்லாத பழியை யார் மேலாவது சுமத்தியிருந்தால், எங்கே பேசினீர்களோ அங்கேயே போய் அது பொய் என்று சொல்லுங்கள். பணத்தை விட இது கஷ்டம், ஆனாலும் செய்ய வேண்டியது.

அடி வாங்குகிற பெண்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மன்னிப்பது என்றால் மறுபடி அடிபட உட்கார்ந்திருப்பது இல்லை. மன்னித்துக்கொண்டே போலீஸில் புகார் கொடுக்கலாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறலாம். புகார் கொடுத்ததைப் பாவமாக நினைத்து ஃபாதரிடம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், அது பாவமே அல்ல.

7. குருவானவர் கிடைக்காத நேரமும் உண்டு. அந்தக் காலத்தில் தோட்டங்களுக்கு ஃபாதர் எப்போதாவதுதான் வருவார். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கோயில்கள் மூடிய வாரங்களிலும் அதே நிலைதான். அப்போது உத்தம மனஸ்தாபம் போதும். நரகத்துக்குப் பயந்து அல்ல, கடவுள் மேல் உள்ள அன்பினால் வருந்தி, முடிந்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்று உறுதி எடுத்தால் சாவான பாவமும் மன்னிக்கப்படும் என்று வத்திக்கான் அந்த மாதமே நினைவூட்டியது.

8. தவக்காலத்தில் பல பங்குக் குருக்கள் ஓர் இரவில் ஒன்றாக வந்து உட்காருவார்கள். வரிசை நீளம், ஆளுக்குச் சில நிமிடம்தான். வழக்கமாக வருகிறவர்களுக்கு அது சரி. இருபது வருடம் கழித்து வருகிறீர்களா? கனமான விஷயமா? அந்த வரிசையில் நிற்காதீர்கள். பங்கு அலுவலகத்துக்குப் போன் செய்து, ஃபாதரைத் தனியாகப் பார்க்க நேரம் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.